மூன்று மாத்திரை மிச்சம்

உண்ணாமுலையம்மையை இடப்பாகம் கொண்டு, மலையாய் அமர்ந்து, அசையாதிருந்தே அனைத்தையும் அசைவிப்பவனே! உன் திருமுன் ரேணுகாம்பாளாகிய நான் இப்புது நோட்டைத் திறக்கிறேன். இதில் விழும் சொல் ஒவ்வொன்றும் உன் கண்பட விழுவதாகுக. எதையேனும் ஒளிக்க நினைத்தால் என் பேனாவின் மை உறைந்துபோகட்டும்.

12.9.1983

மழை விட்ட காலை. மலையின் கீழ்ப்பாதி மட்டுமே தெரிந்தது. மேற்பாதியை மேகம் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நான் நின்றிருக்க, கண்ணாயிரம் ஏணியேறி வீட்டு முகப்பில் பலகையை மாட்டினார். நீலப் பலகை, வெள்ளை எழுத்து: டாக்டர் வேதா, வலிப்பு நோய்ச் சிறப்பு மருத்துவர்.

பதினோர் ஆண்டு மதராஸில் படித்துவிட்டு என் ஒரே மகள் வீடு திரும்பியிருக்கிறாள். அவள் தந்தை இருந்திருந்தால் — வேண்டாம், நல்ல நாளில் கண் நனைய வேண்டாம். முப்பதாண்டு பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கு ஓய்வூதியமும் பதிகங்களும் போதும். அவளுக்கு?

"ஒரு வருஷம் பாக்கறேம்மா. நடக்கலைன்னா வேற இடம் பாத்துக்கறேன்" என்றாள்.

ஓராண்டு. மலையிடம் சொல்லி வைத்தேன்.

30.9.1983

பதினெட்டு நாளில் மூவர். ஒருவருக்கு விக்கல். ஒருவருக்குக் கழுத்துச் சுளுக்கு. மூன்றாமவர் எண்ணெய்க்கடைக்கு வழி கேட்க நுழைந்தவர்.

கண்ணாயிரம் ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வேதாவுக்குத் துணை. வாய் சும்மா இராது. "டாக்டரம்மா, போர்டுல வலிப்புன்னு எழுதி வெச்சுட்டு வாசல்ல வந்து நில்லுன்னா எவன் நிப்பான்? பல் டாக்டர்னு மாத்திடுங்க. வாயைத் தொறக்க வெச்சுட்டு அப்படியே தலையையும் பாத்துடலாம்."

வேதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே களைத்துவிட்டது.

9.10.1983

வேதா தன் பெட்டியிலிருந்து ஒரு நீளமான தாளை எடுத்துக் கூடம் முழுவதும் விரித்தாள். மூளைக்குள் ஓடும் மின்சாரத்தை ஊசிகள் வரைந்த தாளாம். எட்டு வரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. விடியலுக்கு முன் தொலைவில் தெரியும் மலைத்தொடர்களைப் போல மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, எங்கோ போய்க்கொண்டே இருந்தன. நான் முழங்காலிட்டு அவற்றோடு நகர்ந்தேன். யாருடைய மனமோ இது, பெயரறியாத ஒருவர் கண்மூடிச் சும்மா இருந்த பொழுது. அதன்மேல் என் விரல் ஊர்வது முறையா என்று கூச்சமாக இருந்தது.

ஓரிடத்தில் எட்டு மலைகளும் ஒருங்கே எழுந்து கூர்கூராய் வானைக் குத்தின.

"இங்கதாம்மா விழுந்தாங்க" என்றாள்.

இரவில் அந்த மலைகளே கனவில் வந்தன. அவற்றினூடே நான் வெறுங்காலோடு நடக்கிறேன். ஒவ்வொரு கொடுமுடியிலும் ஒருவர் உறங்குகிறார். எழுப்ப வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறேன்.

4.11.1983

பிற்பகலில் கொல்லைக் கதவை யாரோ தட்டினர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலை விதைக்கும் குடும்பத்துப் பெண், பெயர் பாஞ்சாலை. மோர் கேட்டாள். கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா இருக்காங்களா... வாசல் வழியா வரக்கூடாதுங்க. பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. பதினொண்ணுலேர்ந்து கை கால் இழுத்துக்குது. எனக்கும் எங்க ஊட்டுக்காரருக்கும் தவிர எவருக்கும் தெரியாது. அந்தப் போர்டுக்குக் கீழ ஒரு நாழி நின்னோம்னா போதும், நாளைக்கு ஊரே சொல்லும். அப்புறம் எவன் கட்டுவான்?"

மகள் பொன்னி கிணற்றடியில் நின்றிருந்தாள். உதிர்ந்த முருங்கைப் பூக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பது போல.

வேதா சமையலறையிலேயே உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டாள். தினமும் படுக்கப்போகுமுன் ஒரு மாத்திரை. ஒரு மாதத்துக்கு முப்பது. "சோறு தவறினாலும் இது தவறக்கூடாது."

ஆக, நோயாளிகள் இல்லாமல் இல்லை. வழிதான் இல்லை.

20.11.1983

தீபம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் அந்த ஒற்றைப் பொறி எழுந்ததும் ஊர் முழுவதும் ஒரு மூச்சு விட்டது. எத்தனை ஊர் மக்கள்! ஏன் வந்தாய் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. இம்மலையைச் சுற்ற வந்தவருக்குக் காரணம் வேண்டியதில்லை.

கேட்பதில்லை. ஏன் வந்தாய் என்று கேட்பதே இல்லை!

வீட்டுக்கு ஓடிவந்து வேதாவிடம் சொன்னேன்: பௌர்ணமிதோறும் பார். மலை சுற்ற வந்தோம் என்று சொல்லிக்கொண்டு எவரும் வரலாம். கொல்லைச் சந்துக் கதவு திறந்திருக்கட்டும்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி முப்பது நாள். முப்பது மாத்திரை. அம்மா, நிலாவே சீட்டு எழுதிக் கொடுக்குது."

20.12.1983

முதற் பௌர்ணமி. ஏழு பேர்.

18.1.1984

இருபத்தாறு பேர். பாஞ்சாலை வழியே செய்தி வாய்க்கு வாய் பரவியிருக்கிறது. மாலையில் நிலா மலைத்தோளில் ஏறும்போது, ஈரச் சேலையோடும் திருநீற்றோடும் சந்தில் வரிசையாக நின்றார்கள். பால்நிறத்தில் எல்லா முகமும் ஒரே முகமாய்த் தெரிந்தது. இவர்களில் யார் நோயாளி, யார் துணை? நிலவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஓர் ஒழுங்கு தானாக அமைந்துவிட்டது. சந்தில் கண்டவரை வீதியில் காணக்கூடாது. கோயிலில் எதிர்ப்பட்டாலும், தெருக்கோடி மடத்தில் பௌர்ணமிக் காலைகளில் நான் பெண்களுக்குச் சொற்பொழிவு ஆற்றும்போது எதிரே அமர்ந்திருந்தாலும், அறியாதவர் போல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வேதா எவர் பெயரையும் என்னிடம் சொல்வதில்லை. அறிந்த சிலரையும் நான் அறியாதவள் ஆனேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

29.1.1984

மதராஸிலிருந்து வேதாவின் பேராசிரியர் கடிதம். லண்டனில் வலிப்பு நோய்க்கென்றே இயங்கும் மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டுப் பயிற்சி இடம். செப்டம்பரில் சேர வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் பதில் வேண்டும்.

"இங்கே உனக்கு என்னென்ன வழி இருக்கிறது, சொல் கேட்போம்" என்றேன்.

"சர்க்கார் ஆஸ்பத்திரியில எனக்குன்னு ஒரு நாற்காலி கிடையாதும்மா. பொது டியூட்டி போட்டுக் காய்ச்சலும் பேதியும் பாக்கச் சொல்வாங்க. மெட்ராஸ்ல தனியார்ல கூப்பிடறாங்க. ஆனா அங்க பக்கவாதம், தலைவலி, கட்டி, எல்லாத்தோட இதுவும் ஒண்ணு. காலேஜ்ல வாத்தியார் வேலை வரலாம், பத்து வருஷம் காத்திருந்தா. வலிப்புக்குன்னு தனியா ஒரு ஆள் வேணும்னு இன்னும் யாருக்கும் தோணலை."

"லண்டனில்?"

"அங்க தோணி நூறு வருஷம் ஆச்சு." கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்தாள். "பொய் சொல்ல மாட்டேன். போகணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா போன பௌர்ணமிக்கு இருபத்தாறு பேரும்மா. அது அப்படியே ஏறினா இங்கயே இருந்துடுவேன்."

ஏறட்டும் என்று வேண்டிக்கொள்ள வாயெடுத்தேன். நோயாளிகள் பெருக வேண்டும் என்றா ஒரு தாய் வேண்டுவது? வாயை மூடிக்கொண்டேன்.

17.3.1984

மடத்தில் இன்று நா இனித்தது. அடுத்த மாதம் சித்திரா பௌர்ணமி. அதற்கான மூன்று நாள் விரதத்தின் மாண்பைச் சொன்னேன். பாலும் நீரும் அன்றி வேறொன்றும் நாவில் படலாகாது. உடல் ஒடுங்க ஒடுங்க உள்ளே ஒரு நிலவு உதிக்கும் என்று நான் சொன்னபோது கூடமே அசைவற்றிருந்தது. என் குரல் எனக்கே வெகுதொலைவிலிருந்து வருவது போலிருந்தது.

முடிந்தபின் பெண்கள் சூழ்ந்துகொண்டனர். பாஞ்சாலையும் இருந்தாள். நான் அவளை அறியாதவளானேன்.

"டீச்சரம்மா, அந்த மூணு நாளும் வேற எதுவுமே கூடாதுங்களா?" என்று கேட்டாள்.

"எதுவுமே கூடாதம்மா" என்றேன்.

மாலையில் சந்தில் நாற்பத்தொரு பேர்.

15.4.1984

எழுதத்தான் வேண்டும்.

மடம். சித்திரா பௌர்ணமி, காலை பத்து மணி. விரதத்தின் மூன்றாம் நாள். இரண்டாம் வரிசையில் பொன்னி. அவள் பக்கத்தில் பெண் கேட்டிருக்கும் வீட்டு அம்மாள். இன்று சாமி தரிசனம் முடித்து நாள் குறிப்பதாக இருந்தார்களாம். நான் நிலவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சத்தம். மனிதக் குரல்தான், ஆனால் மனிதர் எழுப்பியதல்ல.

பொன்னி விழுந்தாள். விழுந்து... இழுத்து இழுத்து... ஐயோ, அந்தப் பெண்ணுக்கு நுரை தள்ளிக்கிட்டு வருது, நான் மேடையில கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் முந்தானையைப் பொன்னியின் காலடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தாள். அப்படியே வெளியே போனாள். திரும்பவில்லை.

வேதா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். சாவியை எறிந்துவிட்டு ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நின்றது. மறுபடி வந்தது. ஊசி. குதிரை வண்டியில் ஆஸ்பத்திரி. மூன்றாம் முறையும் வந்தது.

மாலை நாலு மணிக்குக் கண் திறந்தாள். கட்டிலருகே நின்ற என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் சொல்: "டீச்சரம்மா, விரதம் முறிஞ்சிடுச்சா?"

16.4.1984

வேதா விடியுமுன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் மடத்துப் பக்கமே போகவில்லை.

20.4.1984

பொன்னி மட்டுமல்ல. நல்லபடி இருந்த இன்னும் நால்வர் அதே விரத நாட்களில் விழுந்திருக்கிறார்கள். ஒருவர் அடுப்பருகே, கை வெந்துவிட்டது.

"என் மருந்து தப்பா? அளவு கம்மியா?" என்று வேதா மூன்று நாளாகப் புத்தகங்களைப் புரட்டுகிறாள். இன்று கண்ணாயிரத்தை அனுப்பி, ஐவரிடமும் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைப் பொட்டலங்களை வாங்கிவரச் செய்தாள். மேசையில் கொட்டி எண்ணினாள். மார்ச் பௌர்ணமியில் கொடுத்தவை, பதினைந்தாம் தேதி இரவோடு தீர்ந்திருக்க வேண்டியவை. ஐந்து பொட்டலத்திலும் மூன்று மூன்று மிச்சம்.

"மூணு நாள்" என்றாள். "எல்லாரும் ஒரே மூணு நாளை எப்படிம்மா விட்டாங்க?"

நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

21.4.1984

சொல்லிவிட்டேன்.

விரதத்தைக் கெடுக்காதவை என நூல்கள் எண்ணும் எட்டில் மருந்தும் ஒன்று. ஐம்பதாண்டாக அது எனக்குத் தெரியும். பாஞ்சாலை அத்தனை பேர் நடுவே மாத்திரை என்ற சொல்லை எப்படிச் சொல்வாள்? 'வேற எதுவுமே' என்றுதானே கேட்க முடியும்? அவள் மகளுக்கு மருந்து உண்டு என்று அறிந்த ஒரே ஆள் அங்கே நான். அறியாதவளாய் இருப்பதன் அழகில் மயங்கி, அந்தக் கேள்வியின் உள்ளே நான் எட்டிப் பார்க்கவில்லை. பேச்சின் இனிப்பு நாவில் இருந்தது.

வேதா கேட்டு முடித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இந்த ஊர்ல என் மருந்தை விட உன் நாக்குக்கு மதிப்பு ஜாஸ்தி. அது எனக்குத் தெரியாம போச்சு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

28.4.1984

லண்டனுக்கு வருகிறேன் என்று எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டாள். உறையில் தபால்தலை ஒட்டியவள் நான்.

போகட்டும். அவளைப் போல் ஒருத்தியை வேண்டும் என்று நினைக்கும் ஊருக்கே போகட்டும். இதை எழுதும்போது மெய்யாகவே எழுதுகிறேனா? மை உறையவில்லை. ஆனால் மெதுவாக ஓடுகிறது.

14.5.1984

நாளை வைகாசிப் பௌர்ணமி. மடத்தில் பேசமாட்டேன் என்று சொல்லியனுப்ப நினைத்தேன். பேசாதிருப்பது எனக்கு எளிது. நஞ்சைக் கொடுத்துவிட்டு மௌன விரதம்!

பிற்பகலில் அயர்ந்தபோது ஒரு கனவு. வேதாவின் அந்தத் தாள் என் மடியிலிருந்து அவிழ்ந்து வீதியெங்கும் ஓடுகிறது. வரிகளைத் தாண்டி மக்கள் நடக்கிறார்கள், ஒருவரும் மிதிக்கவில்லை. குழந்தைகள் கூடக் காலைத் தூக்கித் தாண்டுகிறார்கள். வெயில் வெள்ளியாய் விழுகிறது. எவ்வளவு அமைதி!

15.5.1984

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடையில் அமர்ந்ததும் புடவை முடிச்சை அவிழ்த்து என் ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்தேன். எல்லாரும் பார்க்க வாயிலிட்டு நீர் குடித்தேன். "இன்று எனக்கும் விரதம். அது முறியவில்லை. மருந்து விரதத்தை முறிக்காது என்பது நூல்களின் முடிவு. சென்ற முறை நான் அதைச் சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் விட்டதால் ஒரு பெண் இந்தத் தரையில் விழுந்தாள். குற்றம் அவள் நோயுடையதன்று; என்னுடையது" என்றேன். அதற்கு மேல் அழகாக ஒன்றும் வரவில்லை. வரவும் வேண்டாம்.

எவரும் எவரையும் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். போய்விட்டது, நான் பேசியதும் காற்றோடு போயிற்று என்று எண்ணினேன்.

அப்போது பொன்னி எழுந்தாள். பாஞ்சாலை கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி!"

"விடும்மா. கல்யாணம்தான் நின்னு போச்சே, இனிமே எதை மறைக்கறது?" பிறகு எல்லார் பக்கமும் திரும்பி, பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னாள்: "எனக்கு வலிப்பு. எட்டு வருஷமா இருக்கு. டாக்டரம்மா மாத்திரை குடுத்து அஞ்சு மாசம் வரவே இல்லை. மூணு நாள் நிறுத்தினேன், விழுந்தேன். யாராச்சும் மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா நிறுத்தாதீங்க."

உட்கார்ந்துவிட்டாள். தூணோரம் இருந்த ராஜம்மாள் தொண்டையைச் செருமினாள். எங்கள் தெருவில் ஐந்தாம் வீடு. இருபதாண்டாகத் தினமும் பார்க்கிறேன். "என் மகனுக்கும் அதுதான். சூளையில வேலை செய்யறப்போ விழறான். பேய்னு சொல்லிச் சொல்லி மூணு கோயில் பாத்தாச்சு. அவனுக்கும் மாத்திரை கேக்குமா?"

ஐந்தாம் வீடு! எங்கள் பலகையைத் தினம் கடந்து போனவள்.

அதன்பின் கேள்விகளை நிறுத்த முடியவில்லை. கர்ப்பத்தில் சாப்பிடலாமா, பள்ளிக்கூடம் அனுப்பலாமா, தொட்டால் ஒட்டுமா என்று. என்னால் ஒன்றுக்கும் விடை சொல்ல இயலாது. வாயிற்படியில் வேதா நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ. நான் மேடையிலிருந்து இறங்கி, தரையில் ராஜம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேதா மேடையேறவில்லை. நின்றபடியே பன்னிரண்டு மணி வரை பதில் சொன்னாள்.

வரும் வழியில், "உன் சொற்பொழிவு இன்னைக்குச் சுமார்தான்" என்றாள். நாலடி தள்ளி, "கேள்விங்க நல்லா இருந்துச்சு."

3.6.1984

ராஜம்மாள் மகனில் தொடங்கி, மடத்தில் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வேதாவிடம் வருகிறார்கள். லண்டனுக்குத் தந்தி கொடுத்துவிட்டாள்: வர இயலவில்லை, ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று. நான் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இம்முறை என் நாக்கு அதில் படக்கூடாது.

11.7.1984

பதில் வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சாப்பாட்டின் நடுவே படித்தாள். கடிதத்தைத் தட்டருகே கவிழ்த்து வைத்துவிட்டு, மோருக்குக் கையேந்தினாள். ஊற்றினேன். மதியம் முழுவதும் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். இழப்பு இழப்புதான். அதற்கு நான் வேறு பெயர் சூட்டமாட்டேன்.

2.3.1985

வேலூர்ப் பக்கத்திலிருந்து ராஜேந்திரன் என்னும் இளம் மருத்துவர் எழுதியிருக்கிறார். இத்துறையைத் தேர்ந்தெடுத்தால் சிற்றூர்களில் பிழைப்பு உண்டா, நண்பர்கள் எல்லாரும் இதயத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டு. வேதா அஞ்சலட்டையில் நாலே வரி எழுதினாள்: "வேலை இருக்கிறது. ஆள்தான் இல்லை. ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்."

9.4.1985

ஒரு வாரத்துக்கு வந்த ராஜேந்திரன் தம் துணிப்பெட்டியை எடுத்துவர இன்று ஊருக்குப் போயிருக்கிறார். "நிக்கற டாக்டருக்கு நாற்காலி எவன் செய்யறது?" என்று கண்ணாயிரம் தச்சரைத் தேடிக்கொண்டு போனார்.

11.11.1986

செவ்வாய்க்கிழமை. பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

விடாத தூறல். மலை கரைந்து வானாகி, வானம் இறங்கி வீதியாகி, எங்கும் ஒரே சாம்பல் வெண்மை. அதனுள்ளே வண்டிகள் ஓசையில்லாமல் மிதந்து போயின. நான் சன்னலோரம் அமர்ந்திருந்தேன். விழித்திருந்தேனா என்பது தெரியாது.

பாஞ்சாலை இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்றும் வந்தாள், மகளைப் பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். அது நியாயம். பொன்னி முன்னறையில் மாத்திரைகளை முப்பது முப்பதாக எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டாகிறது. உள்ளே வேதா, அடுத்த அறையில் ராஜேந்திரன்.

அப்போது, மழையின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல். யாரோ வெளியூர்க்காரி. இடுப்பில் குழந்தை, தலையில் மழைக்கு மடித்துப் போட்ட உரச்சாக்குக் கொங்காணி. வீதியின் அந்தப் பக்கமிருந்து, பூக்கடைக்காரியை நோக்கி, ஊர் கேட்கக் கத்தினாள்:

"ஏம்மா! வலிப்பு டாக்டரம்மா ஊடு எதுங்க?"

பூக்கடைக்காரி தலைநிமிராமல் கையை நீட்டிக் காட்டினாள்.

பொன்னி எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

இந்நோட்டை என்றேனும் திறக்க நேர்பவரே, நீர் யாராயினும் உமக்கும் உம் இல்லத்தாருக்கும் அண்ணாமலையான் அருள் நிறைக. உம் வீட்டில் நோய் அணுகாதிருக்கட்டும். அணுகினால், அதன் பெயரை உரக்கச் சொல்லும் துணிவும், சொன்னவுடன் வழிகாட்ட ஒரு கையும் உமக்கு வாய்க்கட்டும்.